மேய்ப்பனிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் மூன்று வருடமாக ஆலயக் கட்டடத்துக்குக் காணிக்கை வாங்குகிறார்கள். வேலை அஸ்திவாரத்தோடு நிற்கிறது. கணக்கைச் சபையில் வாசிக்கலாமே என்று பாஸ்டரிடம் தனியாகக் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "ஆடு மேய்ப்பனுக்குப் பின்னால் போகணும், கேள்வி கேட்கக் கூடாது. அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்றார். நிறைய பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர், "நமக்கு எதுக்கு வம்பு?" என்கிறார். பெண்களுக்கான வீட்டு ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். அதில் வந்துகொண்டிருந்த ஒரு சகோதரியும் இதே கேள்வியைக் கேட்டார். நாலு மாதமாக எங்கேயும் காணோம். "அவங்களைப் போய்ப் பார்க்காதீங்க" என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிவிட்டுத் தூங்குகிறவள் நான். இப்போது மேய்ப்பன் என்றாலே பயமாக இருக்கிறது. நான் கேட்டது தவறா? ஆடாக இருப்பது என்றால் வாய் திறக்காமல் இருப்பதா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது தவறில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் பதற்றமில்லாமல் வாசிக்கலாம்.

இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாடு கற்பிப்பது என் வேலை. மேய்ப்பர்களைப் பற்றிய பகுதிகளை வருடா வருடம் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். அந்தப் பகுதிகளில் பேச்சு பெரும்பாலும் மேய்ப்பர்களை நோக்கியே போகிறது. "எங்கே என் ஆடுகள்?" என்று சொந்தக்காரர் கேட்கிறார், மேய்ப்பர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடுகளின் வாயை அடைக்க அந்தப் படத்தை வேதாகமம் பயன்படுத்தவில்லை.

யாக்கோபை எடுத்துக்கொள்வோம். மாமனார் லாபானிடம் 20 வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவர் சொல்லும் கணக்கு ஆதியாகமம் 31-இல் இருக்கிறது. உம்முடைய ஆடுகள் சினையழியவில்லை. உம்முடைய கடாக்களை நான் தின்னவில்லை. மிருகம் பீறிப்போட்டதை உம்மிடம் கொண்டுவராமல் நஷ்டத்தை நானே ஏற்றுக்கொண்டேன். பகலில் திருடுபோனாலும் இரவில் திருடுபோனாலும் என்னிடம்தான் வாங்கிக்கொண்டீர். அப்புறம் அந்த வரி: "பகலிலே வெயிலும் இரவிலே குளிரும் என்னைப் பட்சித்தது, நித்திரை என் கண்களுக்குத் தூரமாயிருந்தது." ஆடு மேய்ப்பவரின் வாழ்க்கையை இதைவிடக் கிட்ட நின்று காட்டும் இடம் வேதாகமத்தில் குறைவு. கவனியுங்கள், இது கணக்கு ஒப்படைப்பு. யாக்கோபுக்கு லாபானைப் பிடிக்காது, லாபான் ஏமாற்றுக்காரரும்கூட. ஆனாலும் "என்னை எப்படிக் கேட்கலாம்?" என்று யாக்கோபு சொல்லவில்லை. ஆடு தன்னுடையதல்ல, கேட்கிறவருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்குச் சட்டமும் இருந்தது. ஒப்படைக்கப்பட்ட மிருகம் பீறுண்டுபோனால் மிச்சத்தைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. இதைத் தெரிந்துகொண்டு ஆமோஸ் 3:12-ஐ வாசித்துப் பாருங்கள். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் இரண்டு கால்களையோ ஒரு காதின் துண்டையோ பிடுங்குகிறான். ஆடு செத்தாயிற்று, காதுத் துண்டை வைத்து என்ன செய்ய? சொந்தக்காரரிடம் காட்டத்தான். "நான் விற்கவில்லை, தின்னவில்லை, இதோ பாருங்கள்" என்று சொல்லத்தான். ஆமோஸ் இந்தப் படத்தைச் சமாரியாவின் அழிவைச் சொல்லப் பயன்படுத்துகிறார். அவரே தெக்கோவா ஊர் மேய்ப்பர்களில் ஒருவர். கையில் அத்தாட்சி இல்லாமல் திரும்பினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. சிங்கம் கிழித்த ஆட்டுக்கே காதைக் காட்ட வேண்டுமென்றால், சிமென்ட் வாங்கினதற்கு ரசீது காட்டுவதில் என்ன குறைச்சல்?

பாஸ்டர் இதற்கு, "ஆடு எனக்குச் சொந்தமில்லை, கர்த்தருடையது, அவருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன்" என்று பதில் சொல்லலாம். பலர் சொல்கிறார்கள். அவர்களை எசேக்கியேல் 34-ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். எசேக்கியேல் கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவர். அந்தப் பக்கத்து ராஜாக்களுக்குத் தங்களை மேய்ப்பர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை. எசேக்கியேலுக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்திய பாபிலோன் ராஜா அம்முராபி தன் சட்டக் கல்வெட்டின் முன்னுரையிலேயே தன்னை மேய்ப்பர் என்கிறார். அதே கல்வெட்டில், அசட்டையால் மந்தைக்கு நஷ்டம் வந்தால் மேய்ப்பன் ஈடு கட்ட வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது (கல் இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது). ராஜாக்களுக்குப் பட்டம் வேண்டும், பொறுப்பு கூலிக்காரனுக்கு. எசேக்கியேல் இந்தப் பித்தலாட்டத்தை ஏற்கவில்லை. "தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!" என்று எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்து, ஒவ்வொன்றாக எண்ணுகிறார். பலவீனமானவற்றைப் பலப்படுத்தவில்லை. நோய்ப்பட்டவற்றைக் குணமாக்கவில்லை. எலும்பு முறிந்தவற்றுக்குக் கட்டுப் போடவில்லை. துரத்தப்பட்டவற்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை. காணாமற்போனவற்றைத் தேடவில்லை. கடைசியில், பலாத்காரமும் கடூரமுமாய் ஆண்டீர்கள். கர்த்தருக்கு மட்டும் சொல்ல வேண்டிய கணக்கு என்றால், இது ஊரறிய ஏன் சொல்லப்பட வேண்டும், ஏன் எழுதிவைக்கப்பட வேண்டும்?

அதே அதிகாரத்தின் பின்பாதி அநேகமாகப் பிரசங்கத்துக்கு வருவதில்லை. அங்கே கடவுள் மேய்ப்பர்களை விட்டுவிட்டு ஆடுகள் பக்கம் திரும்புகிறார். கொழுத்த ஆடுகள் நல்ல புல்லை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கின்றன. தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்குகின்றன. பலவீனமானவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளி, கொம்பால் முட்டி வெளியே சிதறடிக்கின்றன. அன்றைக்கு உங்களைத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் அந்த அதிகாரத்தில் இடமிருக்கிறது. வேலி ஓரத்துக்கு ஒரு ஆடு தள்ளப்படுவது மேய்ப்பன் ஒருவனால் மட்டும் நடப்பதில்லை.

சரி, "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்ற வசனத்துக்கு வருவோம். நம் சபைகளில் இந்த அளவுக்குத் தவறாகக் கையாளப்படும் வசனம் வேறு இருக்குமா தெரியவில்லை. அது சங்கீதம் 105:15. 1 நாளாகமம் 16-இலும் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஒரு ஜனத்தைவிட்டு இன்னொரு ஜனத்தண்டைக்கு அலைகிறார்கள். அவர்களை ஒடுக்காதபடி கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். அதாவது, ஆடுமாடுகளோடு கூடாரம் போட்டுத் திரிந்த நிலமில்லாத ஒரு குடும்பத்தை, அதிகாரத்தில் இருப்பவர்கள் நசுக்காதபடிக்குச் சொன்ன வார்த்தை அது. அதை அதிகாரத்தில் இருப்பவரே எடுத்து, கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் மேல் வீசுவது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

அபிஷேகம் பெற்ற ராஜாவான சவுலைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் கேட்டார். 1 சாமுவேல் 24-இல் சவுலின் சால்வையிலிருந்து அறுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்க, ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று கேட்கிறார். 26-இல் மறுபடியும், "நான் என்ன செய்தேன்?" என்று கேட்கிறார். பின்னால் அதே தாவீது ராஜாவாகித் தப்புப் பண்ணியபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து, "நீயே அந்த மனுஷன்" என்று நேருக்கு நேராகச் சொன்னார். "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற வார்த்தையை ஆண்டவர் வாயிலிருந்தே பெற்றவர் பேதுரு. அவரையும் அந்தியோகியாவில் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). பேதுரு பவுலுக்கு வசனம் காட்டி வாயை மூடச் சொன்னதாக எங்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் காதிலும் இது விழுந்திருக்கும். அடிக்கடி ஓடிப்போகிற குட்டியின் காலை மேய்ப்பன் உடைத்து, குணமாகும்வரை தோளில் சுமப்பானாம். அதற்கப்புறம் அது அவனைவிட்டுப் போகாதாம். பிரசங்க மேடைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் கதை இது. வேதாகமத்தில் இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. கால் உடைந்த ஆடு மந்தையோடு நடக்காது என்பது கிடை போட்டு மந்தை மேய்க்கிற எந்தக் கீதாரிக்கும் தெரியும். எசேக்கியேல் சொல்வது எலும்பு முறிந்ததைக் கட்டுகிற மேய்ப்பனை. லூக்கா 15-இல் தோளில் ஏறுவது காணாமற்போய்க் கிடைத்த ஆடு, அதுவும் சந்தோஷத்தோடு. ஒருவரைக் காயப்படுத்திவிட்டு அதற்குச் சிட்சை என்று பெயர் வைக்கிறவர்களுக்கு இந்தக் கதை வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆடு புத்தியில்லாதது என்பதும் அப்படித்தான். யோவான் 10-இல் இயேசு காட்டும் ஆடு மேய்ப்பனின் சத்தத்தை அறிந்திருக்கிறது. அந்நியனுடைய சத்தம் என்றால் அவனுக்குப் பின்னால் போகாமல் ஓடிப்போகிறது. பகுத்துப் பார்க்கத் தெரிந்த ஆடு அது. 2001-இல் இங்கிலாந்தின் பாப்ரஹாம் நிறுவன ஆய்வாளர்கள், செம்மறியாடுகள் மற்ற 50 ஆடுகளின் முகங்களை இரண்டு வருடத்துக்கு மேலும் நினைவில் வைத்திருக்கின்றன என்று காட்டினார்கள். நற்செய்திக்கு அறிவியல் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் 'மந்தைப் புத்தி' என்று மேடையிலிருந்து சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆடாக இருப்பது என்றால் வாய் திறக்காமல் இருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. யாருடைய சத்தம் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போவது.

இதையெல்லாம் சொல்லும்போது எபிரெயர் 13:17-ஐ நான் மறைத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்று அது சொல்கிறது, தெளிவாகவே. காரணத்தையும் அந்த வசனமே சொல்கிறது: அவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறார்கள். விழித்திருக்கிறவர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்காகத்தான் கீழ்ப்படிதல். சில வசனங்களுக்கு முன் (13:7) அவர்கள் நடக்கையின் முடிவைச் சிந்தித்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறது. பார்க்காமல் எப்படிச் சிந்திப்பது?

உங்கள் பாஸ்டருக்கும் நியாயம் இருக்கலாம். நின்றுபோன வேலைக்குப் பின்னால் திருட்டுதான் இருக்க வேண்டும் என்றில்லை. வழிபாட்டுத் தலம் கட்ட அரசு அனுமதி இழுத்தடிக்கலாம், போட்ட மதிப்பீடு கம்பி விலையில் காலியாகியிருக்கலாம், வந்த காணிக்கை எதிர்பார்த்ததில் பாதியாக இருக்கலாம். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக் கோபத்தில் பேசியிருக்கலாம். மந்தையை மேய்க்கிறவன் அதின் பாலைச் சாப்பிடலாம் என்று பவுலே சொல்கிறார். பாஸ்டர் குடும்பம் காணிக்கையில் சாப்பிடுவதை யாரும் குறையாகப் பேசக் கூடாது. எசேக்கியேல் கண்டிப்பது பால் குடித்தவர்களை அல்ல, கொழுத்ததை அடித்துத் தின்றுவிட்டு மந்தையை மேய்க்காமல் விட்டவர்களை. உங்கள் சபையில் நடப்பது எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். கணக்கு அவருக்கும் பாதுகாப்புதான்.

பவுல் அப்படித்தான் நினைத்தார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் கூட வைத்துக்கொண்டார். காரணம் 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது: இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருந்து, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." "கர்த்தருக்கு மட்டும் கணக்கு" என்கிறவர்களுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தனியாகக் கேட்டாயிற்று, மத்தேயு 18 சொல்லும் முதல் படியை முடித்துவிட்டீர்கள். இனி ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் மூப்பர் ஒருவரையும். அரைப் பக்கக் கடிதம், மரியாதையான வார்த்தையில்: இதுவரை வந்த கட்டடக் காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்த வங்கிக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது, வேலை ஏன் நிற்கிறது. இந்த நாலுக்கு மேல் வேண்டாம். சபை சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்கிறதா, நிர்வாகிகள் யார் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்டர், அவர் மனைவி, மகன் என்று ஒரே வீட்டார் மட்டும் அறங்காவலர்களாக இருக்கும் சபைகளும் உண்டு. அங்கே கணக்குக் கேட்பது கஷ்டமாக இருக்கும், முன்னமே தெரிந்திருப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பக்கத்துச் சபைக்காரர்களிடம் புலம்பாதீர்கள். பண மோசடி என்ற வார்த்தையே கடிதத்தில் வரக் கூடாது. மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது, உங்களிடம் இருப்பது கேள்வி மட்டும்தான். வழக்கமான காணிக்கையை நிறுத்த நான் சொல்ல மாட்டேன். கட்டடக் காணிக்கையை, கணக்கு வாசிக்கும்வரை கொடுக்காமல் வைத்திருப்பதில் தப்பில்லை.

கேட்ட பிறகும் பதில் மேடையிலிருந்து திட்டாகவே வந்தால், வேறு சபைக்குப் போகலாம். அதற்கு யாரும் உங்களைச் சபிக்க முடியாது. உங்கள் கணவர் வம்பு வேண்டாம் என்பது பயத்தால் மட்டும் இல்லாமல் உங்கள் மேலுள்ள அக்கறையாலும் இருக்கும்; அவரிடம் இந்த நாலு கேள்விகளைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரிக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. கடிதம் முழுக்க நீங்கள் உங்களை ஆடாகவே வைத்து எழுதியிருக்கிறீர்கள். ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் நீங்கள். அந்தப் பெண்களுக்கு மேய்ப்பர் நீங்கள்தான். பட்டம் இல்லாவிட்டால் என்ன? ராகேல் தகப்பனுடைய ஆடுகளை மேய்த்தவள். மீதியான் ஆசாரியனின் ஏழு மகள்களும் மந்தைக்குத் தண்ணீர் மொண்டவர்கள். பிள்ளைகளை, வயதான மாமியாரை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரை, யாரையாவது பார்த்துக்கொள்ளாத கிறிஸ்தவர் யார்? அவர்கள் எல்லாருக்கும் நான் படிக்கச் சொல்வது ஆதியாகமம் 33:13. சேர்ந்து புறப்பட்டுப் போகலாம் வா என்று அண்ணன் ஏசா கூப்பிடுகிறார். யாக்கோபு, பிள்ளைகள் இளம்பிள்ளைகள், கறவலாடுகள் இருக்கின்றன, ஒரு நாள் வேகமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோம் என்று மறுத்துவிடுகிறார். மந்தையில் எது தளர்ந்திருக்கிறதோ அதன் நடைதான் யாக்கோபின் நடை. கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார் என்று ஏசாயா 40-இல் கடவுளைப் பற்றியும் சொல்லியிருக்கிறது.

23ஆம் சங்கீதத்தை விட்டுவிடாதீர்கள். அந்தக் கோலும் தடியும் ஆட்டை அடிக்க அல்ல. மந்தைமேல் பாயும் சிங்கத்தையும் கரடியையும் அடித்தவர் தாவீது. கோலின்கீழ் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகிற காட்சி லேவியராகமம் 27-இல் வருகிறது, எண்ணுவதற்காக. ஒன்று குறைந்தால் தெரியும்.

உங்கள் கூட்டத்தில் ஒன்று குறைகிறது. போய்ப் பார்க்க வேண்டாம் என்ற உத்தரவுக்கு நீங்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை. காணாமற்போனதைத் தேடாதே என்று சொல்லும் அதிகாரம் எந்த மேய்ப்பனுக்கும் தரப்படவில்லை. இந்த வாரமே போங்கள், இரண்டு பேராகப் போனால் இன்னும் நல்லது. திருட்டுத்தனமாகப் போக வேண்டாம். பாஸ்டர் கேட்டால், ஆமாம் போனேன் என்று சொல்லுங்கள். அங்கே கட்டடக் கணக்கைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள், உங்கள் கடிதத்தில் கையெழுத்தும் கேட்காதீர்கள். ஆள் சேர்க்க வந்ததாக அந்தச் சகோதரி நினைத்துவிட்டால் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். மறுபடி கூட்டத்துக்கு வாருங்கள் என்றும் முதல் தடவையே அழைக்க வேண்டாம். நாலு மாதம் அவர் எப்படி இருந்தார், வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்ன, வேலை என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு இருங்கள். அழுதால் அழட்டும். ஜெபம் பண்ணலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.